சிறப்புரை கடைசியில்தான்

அந்தப் பையைத் தூக்கி மேல வெச்சிருங்க தம்பி. இந்த பஸ்ஸு ஹார்லன் போய்ச் சேர ரெண்டரை மணி நேரம் ஆகும், அதுவரைக்கும் காலை மடக்கியே உக்காந்தா மரத்துப் போயிரும். தமிழ்தானுங்களே? பாப்பா தூங்கிட்டாளான்னு நீங்க போன்ல கேட்டது காதுல விழுந்துச்சு. ஒட்டுக்கேக்கலைங்க, பக்கத்து சீட்டு, தானா விழுந்துச்சு. பொண்ணுக்கு என்ன வயசுங்க? மூணா. நல்லதுங்க. மூணு வயசு. சரி.

நான் ஈஸ்வரமூர்த்தி. ஊரு கோபிச்செட்டிபாளையம் பக்கம். சாப்ட்வேர்தான், வேற என்ன. அமெரிக்கா வந்து பதினெட்டு வருஷமாச்சு. அதோ, முன்னாடி ரெண்டாவது சீட்டுல பச்சை ஸ்வெட்டர் போட்டுட்டு உக்காந்திருக்காங்களே, அது என் சம்சாரம் கோகிலா. பின்னாடி உக்காந்தா வாந்தி வரும்னு முன்னாடி போயிட்டா. முன்னெல்லாம் வராது, இப்பக் கொஞ்ச நாளா வருது. ஏர்போர்ட்டுக்குக் கார்லதான் வர்றதா இருந்துச்சு. திரும்பி வர்றப்போ நீங்க ஓட்டக் கூடாதுன்னு அவ சொல்லிட்டா. 

மகளை ஏத்தி விட்டுட்டு வர்றோம். சஷ்டிகா. ஒரே பொண்ணு. நான் அம்மிணின்னுதான் கூப்பிடுவேன். கோயமுத்தூர் போறா. லீவுக்கு இல்லீங்க, ஒரேயடியாப் போறா. அங்க அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. மூணு வயசுல தூக்கிட்டு வந்தேன். நடுவுல ரெண்டு தடவை போனா, ரெண்டு தடவையும் தண்ணி ஒத்துக்காம ஆஸ்பத்திரியில படுத்திருந்தா. இப்ப என் தங்கச்சி வீட்டுல தங்கிப் படிக்கணும். பஸ்ஸுல போர்டு படிப்பியா அம்மிணின்னு கேட்டேன். எழுத்துக்கூட்டிப் படிச்சிருவேன்ப்பா, அதுக்குள்ள பஸ் போயிரும்னா. சிரிச்சுட்டேதான் சொன்னா.

நீங்களும் துணைக்குப் போலாமேன்னு கேக்கறீங்களா? இந்த நாட்டை விட்டு வெளிய போனா திரும்பி உள்ள வர்றதுக்கு விசா முத்திரை குத்தணும், எப்பக் குத்துவாங்களோ தெரியாது, வேலை போயிரும். அதனால அவ மட்டும் போறா.

நீங்க புதுசு, அதனால சொல்றேன். நாம வேலை விசாவுல வர்றோம். பொண்டாட்டி புள்ளைங்க நம்ம வாலைப் புடிச்சுட்டு வர்றாங்க. க்ரீன் கார்டுக்கு வரிசையில நிக்கறோம். வரிசை நகராது. புள்ளைக்கு இருபத்தொண்ணு ஆச்சுன்னா அதை மட்டும் வரிசையில இருந்து வெளிய தள்ளிருவாங்க. நீ பெரிய மனுஷி ஆயிட்டே, இனி அப்பன் வாலைப் புடிக்கக் கூடாதும்பாங்க. சரி, படிக்கற விசாவாவது குடுங்கன்னு கேட்டோம். இங்கயே தங்கணும்னு இத்தனை வருஷம் வரிசையில நின்னவ நீ, படிச்சு முடிச்சதும் திரும்பிப் போவேன்னு எப்படி நம்பறதுன்னு கேட்டு, இல்லேன்னுட்டாங்க. தங்கவும் கூடாது, தங்கணும்னு நினைச்சதும் தப்பு. இதை எந்தச் சுவத்துல போயி முட்டிக்கறதுங்க.

முட்டிக்கறதுக்குன்னே ஒரு சுவர் இருக்குதுன்னு சொன்னது பெவர்லி. எங்க எதுத்த வீட்டுக்காரம்மா. வேலையில இருந்தப்போ ஆத்துத் தண்ணியைக் காப்பாத்தற ஏதோ ஒரு சங்கத்துக்காக வாஷிங்டன்ல ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கினவங்க. அம்மிணி சின்னதுல இருந்து அவங்க வீட்டுலதான் பாதி நாள் கிடப்பா. போன வருஷம் அவங்கதான் வந்து சொன்னாங்க, இந்த மாதிரிச் சின்ன வயசுல வந்த புள்ளைங்களை வெளிய தள்ளக் கூடாதுன்னு ஒரு சட்டம் வரப் போகுது, அதை முன்னால தள்ளற கமிட்டியில நம்ம தொகுதிக்காரர் இருக்கறார், போயிப் பாருங்கன்னு. தொகுதிக்காரர்னா நம்ம ஊர் எம்.பி. மாதிரிங்க. ஆனா தனி ஆளாப் போனா மதிக்க மாட்டாங்களாம். க்ரூப்பாப் போகணுமாம். இன்ட்ரஸ்ட் க்ரூப்.

இன்ட்ரஸ்ட்னதும் எனக்கு வட்டிதான் ஞாபகம் வந்துச்சு. எங்க பக்கம் தெருவுக்கு நாலு பைனான்ஸ் பாருங்க. அப்புறம் புரிஞ்சுது, யாருக்கு எதுல அக்கறையோ அதுக்கு ஒரு சங்கம். அட, சங்கம்தானேன்னு எனக்கு உசிரே வந்துச்சு. நமக்குத் தெரியாத சங்கமாங்க.

எங்க அடுப்படி மேஜையில உக்காந்து காப்பி குடிச்சுட்டே பெவர்லி பாடம் எடுத்தாங்க. முதலாளிங்களுக்கு ஒரு சங்கம், தொழிலாளிங்களுக்கு யூனியன். டாக்டருக்குத் தனி, வக்கீலுக்குத் தனி. விவசாயிக்கு இருக்கு, அதுலயும் சோளத்துக்கு வேற, பாலுக்கு வேற, பன்னிக்கு வேற. இதெல்லாம் சொந்தப் பொழைப்புக்குன்னு சேந்தவங்க. அப்புறம் ஒரே ஒரு விஷயத்தைப் புடிச்சுட்டுத் தொங்கறவங்க. துப்பாக்கின்னா துப்பாக்கி மட்டும், அது வேண்டாம்னா வேண்டாம்ங்கறது மட்டும். வேற எதைக் கேட்டாலும் காது கேக்காது. அப்புறம் எல்லாருக்கும் பொதுவாப் பேசறவங்க, காத்து, தண்ணி, ரோட்டுல ஓடற வண்டியில பிரேக் சரியா இருக்குதான்னு. அவங்க வாங்கிக் குடுக்கறது சங்கத்துல சேராதவனுக்கும் கிடைச்சிரும், அதனால அவங்களுக்கு ஆளே சேராதாம். பெவர்லி அந்தக் கட்சிதான், சொல்லிட்டுச் சிரிச்சாங்க. சாமிக்கும் கொள்கைக்கும் சேந்தவங்க ஒரு வகை. இதெல்லாம் பத்தாதுன்னு மாநிலமும் டவுனும் வெளிநாட்டுக்காரங்களுமே ஆளைப் போட்டு கவர்மெண்டு கிட்டக் கெஞ்சறாங்களாம். கவர்மெண்டே கவர்மெண்டைக் கெஞ்சற ஊருங்க இது.

அப்ப நாங்க எந்த வகைன்னு அம்மிணி கேட்டா.

பெவர்லி காப்பியைக் கீழ வெச்சாங்க. அப்புறம் சொன்னாங்க, அவங்ககிட்ட எல்லாம் பணம் இருக்கு, இல்லேன்னா ஓட்டு இருக்கு. உங்ககிட்ட ரெண்டும் இல்ல. உங்ககிட்ட இருக்கறது இந்தப் பொண்ணு மட்டும்தான். இவ போயி உக்காந்து, நான் மூணு வயசுல வந்தேன், அடுத்த பொறந்தநாளுக்கு என்னைத் தள்ளிருவாங்க, நீங்க ஒரு வார்த்தை சொன்னா நான் இங்க இருப்பேன்னு ரெண்டு நிமிஷம் பேசட்டும். வேற யாரும் வாயைத் தொறக்காதீங்க. கதவைத் தொறக்கறதுக்கு மட்டும் ஓட்டு இருக்கற ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போங்கன்னாங்க.

ஓட்டு இருக்கற ஆளுன்னா அமலதாஸ். அங்கதான் வந்துச்சு சிக்கல்.

அமலதாஸ் நாகர்கோவில்காரர். எனக்கு முன்னாலயே வந்து சிட்டிசன் ஆயிட்டார். நல்ல மனுஷன், குரல் மட்டும் கொஞ்சம் பெருசு. எங்க டவுனைச் சுத்தி எங்க பாத்தாலும் சோளக்காடுங்க, இப்பப் போறப்போ ஜன்னல்ல பாருங்க. அதனால சங்கம் ஆரம்பிச்சப்போ சோளநாட்டுத் தமிழ்ச் சங்கம்னு நான் பேர் வெச்சேன். எல்லாரும் கை தட்டினாங்க. பேனர் அடிக்கறப்போ அமலதாஸ் வந்து, சோழநாடுன்னு போடணும், அதுதான் கம்பீரம், சோளம் மாட்டுத்தீனின்னார். நான் சோளஞ்சோறு தின்னு வளந்தவன் தம்பி. மாட்டுத்தீனின்னா எனக்கு எப்படி இருக்கும்? பேச்சு முத்திப் போயி, ஒரு பொங்கல் விழாவுல ரெண்டு பேனர் வந்துச்சு. அடுத்த பொங்கலுக்கு ரெண்டு விழாவே வந்துச்சு. எங்களது சோளநாட்டுத் தமிழ்ச் சங்கம், அவங்களது சோழநாட்டுத் தமிழ்ச் சங்கம். இங்கிலீஷுல எழுதினா ரெண்டும் ஒண்ணுதான், அதனால தபால் எல்லாம் மாறி மாறிப் போகும்.

மகளுக்காக நான் இறங்கிப் போனேன். இதை நீங்க கவனிக்கணும். அமலதாஸ் வீட்டுக் கதவை நானேதான் போயித் தட்டினேன். பாவம், அவரும் உடனே வர்றேன்னுட்டார். சஷ்டி எனக்கும் மகதாம்லன்னார். ஆனா அவங்க கமிட்டி ஒத்துக்கணுமே. ரெண்டு கமிட்டியும் உக்காந்து பேசி ஒரு நிகழ்ச்சி நிரல் போட்டோம். வரவேற்புரை நான். அடுத்து எங்க பொன்னாடை, அப்புறம் அவங்க பொன்னாடை. அப்புறம் சிறப்புரை, நன்றியுரை அமலதாஸ். சிறப்புரை யாருன்னு கேளுங்க. அம்மிணிதான். ஊர்ப்பட்ட பெரியவங்க இருக்கறப்போ சின்னப் பொண்ணுக்குச் சிறப்புரை எந்தச் சங்கத்துலங்க குடுப்பாங்க? நான் வாங்கிக் குடுத்தேன்.

அவ ரெண்டு வாரம் பெவர்லி வீட்டுக் கராஜுல நின்னு பேசிப் பழகினா. காகிதத்தைப் பாக்காமப் பேசணும்னு பெவர்லி சொல்லிட்டாங்க. கோகிலா போயிக் கேட்டுட்டு வந்து கண்ணைத் தொடைச்சுட்டு நின்னா. நான் கேக்கலைங்க. அன்னிக்கு நேர்லயே கேட்டுக்கலாம்னு விட்டுட்டேன். எனக்கு வரவேற்புரை எழுதற வேலை இருந்துச்சு.

பெவர்லிக்கு இடுப்பு ஆபரேஷன், அவங்களால வர முடியல. நாங்க எட்டுப் பேர் வாஷிங்டன் போனோம், எங்க கமிட்டியும் அவங்க கமிட்டியும் கோகிலாவும் அம்மிணியும்.

அந்த பில்டிங்கைப் பாக்கணுமே தம்பி. நீள நீளமா வராண்டா, கதவுக்குக் கதவு ஒரு கூட்டம். அடுப்படி மேஜையில பெவர்லி சொன்ன அத்தனை வகையும் நேர்ல நிக்குது. செவப்புச் சட்டை போட்டுட்டு நர்ஸ் யூனியன். சக்கர நாற்காலியில பட்டாளத்துக்காரங்க. ஏதோ வியாதியில போன குழந்தை போட்டோவை நெஞ்சோட அணைச்சுட்டு ஒரு புருஷன் பொண்டாட்டி. தொப்பி போட்டுட்டு எங்க பக்கத்துச் சோள விவசாயிங்க, கையில பாப்கார்ன் பொட்டலம். கோட்டு சூட்டுல ரெண்டு பேர் வந்தாங்க, அவங்க யாருன்னு யாரும் சொல்லல, அவங்களை யாரும் காக்க வைக்கவும் இல்ல.

எங்களுக்கு முன்னால ஒரு வயசான அம்மா. கையில ஒரு பாட்டில், உள்ள காப்பிக் கலர்ல தண்ணி. அவங்க வீட்டுக் குழாயில வர்றதாம். உள்ள போனாங்க, பாட்டிலை மேஜை மேல வெச்சாங்க, இதை நீங்க குடிப்பீங்களான்னு கேட்டாங்க, எந்திரிச்சு வந்துட்டாங்க. அவ்வளவுதான். ஒரு வணக்கம் இல்ல, அறிமுகம் இல்ல. எனக்கே சங்கடமாப் போச்சு. ஒரு காரியமா ஒருத்தர்கிட்டப் போறோம், இப்படியா மொட்டையாப் பேசறது. அம்மிணி மட்டும் அந்தம்மா வராண்டா முனை திரும்பற வரைக்கும் அவங்களையே பாத்துட்டு நின்னா.

எங்களைப் பாத்தது தொகுதிக்காரர் இல்லீங்க, அவரோட ஆபீஸ்காரர், கானர்னு பேரு. முப்பது வயசு இருக்கும். சின்ன ரூம். நாற்காலி நாலுதான், மத்தவங்க சுவத்தோரமா நின்னோம். உங்களுக்குக் கால் மணி நேரம் இருக்கு, சொல்லுங்கன்னார்.

நான் வரவேற்புரையை ஆரம்பிச்சேன். சுருக்கமாத்தான் பேசினேன். தமிழ் எவ்வளவு பழைய பாஷைங்கறது, எங்க பவானி ஆறு, நாங்க எல்லாம் எந்தெந்த ஊர், எந்தெந்தப் பொறுப்புல இருக்கறோம், அவ்வளவுதான். அவங்க கமிட்டியில ஒருத்தர் பேரை விட்டுட்டேன், அமலதாஸ் இருமினார், மறுபடியும் முதல்ல இருந்து சொன்னேன். அப்புறம் பொன்னாடையை எடுத்தேன். நல்ல சரிகை, ஈரோட்டுல இருந்து வரவழைச்சது. கானர் ரெண்டு கையையும் முன்னால நீட்டி, இல்லைங்க, நாங்க இதெல்லாம் வாங்கக் கூடாதுன்னார். நம்ம ஊர்ல வேண்டாம்னா என்னங்க அர்த்தம்? இன்னொரு தடவை சொல்லுங்கன்னு அர்த்தம். அடக்கமான மனுஷன் போலன்னு நினைச்சு, போத்தி விட்டுட்டேன். எல்லாரும் கை தட்டினாங்க. அவர் மூஞ்சி செவந்து போச்சு. அதுக்கு ஏதோ சட்டம் இருக்காம், யாருக்கோ போன் போட்டு, ஒரு சால்வை போட்டுட்டாங்க, என்ன செய்யறதுன்னு கேட்டார். அந்தப் பக்கம் என்ன சொன்னாங்களோ, மடிச்சு எங்ககிட்டயே திருப்பிக் குடுத்தார். போட்டோ மட்டும் எடுத்துக்கறோம்னு அதை மறுபடி போத்தி எடுத்தோம்.

அப்பத்தான் அம்மிணி மெதுவா, அப்பா, நான் பேசட்டுமான்னு கேட்டா. இன்னும் அவங்க பொன்னாடை பாக்கி இருக்குதே. இரு அம்மிணின்னு கையைக் காட்டினேன்.

அமலதாஸ் எந்திரிச்சார். கானர் பயந்துட்டு, போதும்ங்க போதும்ங்கன்னு பேச்சை மாத்தறதுக்காக எங்க பேர் எழுதின காகிதத்தைப் பாத்தார். ரெண்டு சங்கம்னு போட்டிருக்கு, பேர் ஒண்ணாவே இருக்கே, நீங்க ஒரே க்ரூப்பா ரெண்டு க்ரூப்பான்னு கேட்டார். நியாயமான கேள்வி தம்பி. பதில் சொல்லாம எப்படி இருக்கறது? நான் ள சொல்லிக் காட்டினேன். அமலதாஸ் நாக்கை மடிச்சு ழ சொல்லிக் காட்டினார். கானரையும் சொல்ல வெச்சார். அவருக்கு வரல, எல்லாரும் சிரிச்சோம். அந்த ரூமே கலகலன்னு ஆயிருச்சு. அமலதாஸ் ராஜராஜன் காலத்துக்குப் போயிட்டார். நான் விடுவனா, சோளம்னா கார்ன், உங்க தொகுதியே சோளம்தான்னேன். கானர் அதைக் கேட்டதும் மூஞ்சி தெளிஞ்சு, கார்ன்னு எழுதிக்கிட்டார். அவர் பேனாவை எடுத்தது அந்த ஒரு தடவைதான்.

எனக்கு மூணு வயசு இருக்கறப்போன்னு ஒரு குரல் கேட்டுச்சு. அம்மிணி. இங்கிலீஷுல ஆரம்பிச்சுட்டா, கேக்காமலே. நான் அவ கை மேல கையை வெச்சேன். இரு அம்மிணி, மாமா முடிச்சிரட்டும்னேன். அதட்டலைங்க. அமலதாஸ் பாதியில இருக்கறார், குறுக்கப் பேசினா அவங்க கமிட்டி எந்திரிச்சுப் போயிரும், ஓட்டு உள்ள ஆள் அவர் ஒருத்தர்தான். சிறப்புரை கடைசியிலதானுங்களே வரும்? எந்த ஊர்லயும் அப்படித்தானுங்க.

அதுக்குள்ள கதவு தொறந்துச்சு. சோள விவசாயிங்க. உள்ரூம்ல இருந்து தொகுதிக்காரரே எந்திரிச்சு வந்துட்டார், அது வரைக்கும் அவர் அங்க இருந்ததே எங்களுக்குத் தெரியாது. அவங்க தோள்ல கையைப் போட்டு, பாப்கார்னைப் பிரிச்சு வாயில போட்டுட்டே கூட்டிட்டுப் போறார். நாங்க எட்டுப் பேரும் சுவத்தோரமா ஒதுங்கி வழி விட்டோம். கானர் எந்திரிச்சு, வந்ததுக்கு ரொம்ப நன்றின்னார். அமலதாஸ் நின்னுட்டே நன்றியுரையை முடிச்சார், அதை மட்டும் விடல.

வாசல்ல நிக்கறப்போ கானர் அம்மிணியைப் பாத்து, நீங்க எந்தப் பொறுப்புல இருக்கீங்கன்னு கேட்டார். நான் சும்மா எங்க அப்பாகூட வந்தேன்னா. எவ்வளவு பாசம் பாருங்க. கோகிலா அதைக் கேட்டுட்டு வராண்டாவுல இருந்த பெஞ்சுல உக்காந்துட்டா, எந்திரிக்கவே இல்ல. தலை சுத்துதுன்னா.

கொஞ்ச நாள் கழிச்சு அந்த ஆபீஸ்ல இருந்து மெயில் வந்துச்சு. சோள விவசாயிகளோட பிரச்சனைகளை எடுத்துச் சொன்னதுக்கு நன்றி, உங்க விளைச்சல் மேல எங்க ஐயாவுக்கு எப்பவும் அக்கறை உண்டுன்னு. நான் படிச்சுட்டு பேசாம மூடிட்டேன். அம்மிணி எப்படியோ பாத்துட்டா. பாத்துட்டு அவ சிரிச்சா தம்பி. விழுந்து விழுந்து சிரிச்சா. நானும் கூடச் சிரிச்சேன். நான் நிறுத்தின பின்னாலயும் அவ சிரிச்சுட்டே இருந்தா, கோகிலா வந்து அவளை உள்ள கூட்டிட்டுப் போயிட்டா.

அந்தச் சட்டம் ஓட்டுக்கே வரல. யாரும் எதுக்கவும் இல்லீங்க. எதுத்திருந்தாலாவது எவன்னு திட்டலாம். யாரும் ஒண்ணும் சொல்லல, அதுபாட்டுக்குக் கிடந்து செத்துப் போச்சு. அவ பேசினதும் அந்த ஆள் என்ன சொன்னார்னு பெவர்லி கேட்டாங்க. நேரம் பத்தலைன்னேன். அந்தம்மா ஊன்றுகோலைப் புடிச்சுட்டு என்னையே பாத்தாங்க. அப்புறம் கதவை மெதுவாச் சாத்திட்டாங்க. இடுப்பு வலி போல.

எல்லாம் அந்தச் சோளக்காரங்களால வந்துச்சு. கொஞ்சம் கழிச்சு வந்திருந்தா அம்மிணி பேசியிருப்பா. இல்லேன்னா அமலதாஸாவது அந்த ராஜராஜனை விட்டிருக்கலாம். ஒவ்வொருத்தரும் கொஞ்சம் விட்டுக் குடுத்திருந்தா போதும். பேசியிருந்தா மட்டும் என்ன ஆயிருக்கும்னு நீங்க நினைப்பீங்க. நானும் அதைத்தான் கோகிலா கிட்டக் கேட்டேன். தெரியாதுங்கறா. தெரியாமயே போச்சே, அதைத்தான் சொல்றேங்கறா. அவளை ஒரு வார்த்தை பேச விட்டீங்களாங்கறா. நான் யாருக்காகத் தம்பி அங்க போனேன்? எனக்காகவா போனேன்?

தண்ணி குடிக்கறீங்களா? எனக்கும் கொஞ்சம் குடுங்க. 

நான் சும்மா உக்காந்திருக்கலைங்க. புதுசா ஒரு சங்கம் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன், இந்த மாதிரிப் புள்ளைங்களைப் பெத்தவங்க எல்லாம் சேந்து. ழவும் இல்ல, ளவும் இல்ல, பொதுப் பேரா வெச்சிரலாம். நீங்க செயலாளரா வந்துருங்க. உங்க பாப்பாவுக்கு மூணு வயசுதானே, இன்னும் பதினெட்டு வருஷம் இருக்கு. நானும் வந்தப்போ அப்படித்தான் நினைச்சேன். நிறைய வருஷம் இருக்குதுன்னு. வேண்டாமா? சரி, யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்ல.

அவசரமில்ல.

இன்னிக்கு ஏர்போர்ட்டுல என்ன ஆச்சுன்னா தம்பி. கோகிலா அவளைக் கட்டிப் புடிச்சுட்டு அழுதா. நான் அழுகலைங்க. பாஸ்போர்ட்டை எங்க வெக்கணும், துபாய்ல எந்தப் பக்கம் போகணும், கோயமுத்தூர்ல மாமா எந்தச் சட்டை போட்டுட்டு நிப்பார், எல்லாம் சொல்லிட்டே இருந்தேன். அவ தலையை ஆட்டிட்டே இருந்தா. அப்புறம் செக்யூரிட்டி வரிசையில போயிட்டா. வளைஞ்சு வளைஞ்சு போகற வரிசை. கடைசி வளைவுல நின்னு திரும்பினா. என்னைப் பாத்து வாயைத் தொறந்து என்னமோ சொன்னா. பக்கத்துல ஒரு குடும்பமே பொட்டி எடை கூடிருச்சுன்னு கத்திட்டு இருந்துச்சு. எனக்குக் கேக்கல. கேக்கல அம்மிணி, இரு, கிட்ட வர்றேன்னு சொல்லத்தான் கையைத் தூக்கினேன். சத்தியமா அதுக்குத்தான் தூக்கினேன். அவ என் கையைப் பாத்தா. வாயை மூடிட்டா. எப்பவும் மூடற மாதிரியே மூடிட்டு, தலையை ஆட்டிட்டு உள்ள போயிட்டா.

அதுக்கப்புறமும் அந்தக் கையைக் கீழ இறக்காமயே நின்னேங்க.

கோகிலாவுக்குக் கேட்டிருக்கு. அவ எனக்கு முன்னால, வரிசைக்குக் கட்டியிருந்த கயித்துக்கிட்ட நின்னுட்டு இருந்தா. என்ன சொன்னான்னு ஏர்போர்ட்டுல கேட்டேன், பஸ் ஸ்டாப்புல கேட்டேன், ஏறறப்போ கேட்டேன். மூஞ்சியைத் திருப்பிக்கறா. போன்ல அம்மிணி கிட்டயே கேக்கலாம்னா ப்ளைட்டு கெளம்பியிருக்கும். அதுவும் இல்லாம, அவளைக் கூப்பிட்டு நீ என்ன சொன்னேன்னு கேக்கறதுக்கு எனக்கு வாய் வருமான்னு தெரியலைங்க.

தம்பி, ஒரே ஒரு உபகாரம். நீங்க வெளி ஆளு, மூணு வயசுப் புள்ளையப் பெத்தவர், உங்களைப் பாத்தா அவளுக்கு மனசு இறங்கும். முன்னாடி போயி, பக்கத்துல உக்காந்து, அந்தப் பொண்ணு என்னங்க சொல்லிச்சுன்னு எனக்காக ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்து சொல்றீங்களா? நான் இங்கயேதான் உக்காந்திருப்பேன். வாயே தொறக்க மாட்டேன்.